மூன்றாவது குறை

நெல்லிக்கொல்லை,
ஜமுனாமரத்தூர் வழி.
22-1-2024

என் பேத்தி அபிநயாவுக்கு ஆயா அம்சவல்லி எழுதிக்கொண்டது.

இங்கு பனி உண்டு, சாமை உண்டு, ஆடு இரண்டும் உண்டு. எனக்கு ஒரு குறையும் இல்லை. பெங்களூரில் உன் இருமல் நின்றதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் பொங்கல் கடிதம் எட்டாம் நாள் வந்தது. தபால் கொண்டுவரும் ஆனந்தி, "ஆயா, நான் படிச்சிக் காட்டட்டுமா?" என்றாள். வேலைக்குப் புதுசு, ஊர் விவரம் தெரியாது. "ஏம்மா, இந்த ஊருல யாருக்குக் கடுதாசி வந்தாலும் படிச்சிக் காட்டுறது நானு. எனக்கே படிச்சிக் காட்டுறியா?" என்றேன். அஞ்சாம் வகுப்புதான். ஆனால் பஸ் பலகை, ரேஷன் கடைப் பலகை, கோர்ட்டு நோட்டீஸ் என்று இந்த ஊரில் எந்த எழுத்தும் என்னைத் தாண்டித்தான் போகும்.

டவர் போட அளந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. பரவாயில்லை. போனில் பேசினால் ஒருமுறைதான் கேட்கலாம். உன் கடிதத்தை மூன்று முறை படிக்கிறேன்.

உன் அப்பன் கோபால்சாமி பொங்கலுக்குச் செங்கத்திலிருந்து கரும்போடு வந்தான். போகிறபோது பழைய பாட்டுதான். "இன்னாம்மா, ஒண்டியா இந்தக் காட்டுல கெடக்குற. ஒரு குறைன்னு உன் வாயில வந்துச்சின்னா அன்னிக்கே வண்டி கொண்டாந்து ஏத்திடுவேன். வூட்டைப் பூட்டிடுவேன், ஆமா." நான், "குறை சொல்றதுக்கு நான் இன்னா ஓட்டைப் பானையா? போய்ட்டு வா" என்றேன். உன் தாத்தா கல்லும் ஓடும் சுமந்து கட்டிய வீடு. அதில்தான் இருப்பேன். இதை நீயும் தெரிந்து வைத்துக்கொள்.

உன் கடிதத்தில் ஒன்று மட்டும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிவசங்கரால் தலைவலி என்று எழுதியிருக்கிறாய். யார் அவன்? ஏதோ விளையாட்டு என்றும் எழுதியிருக்கிறாய். இருபத்து நாலு வயதில் என்ன விளையாட்டு? ஒளிக்காமல் எழுது.

உனக்கு எப்போதும் நல்லதே நினைக்கும்
ஆயா

—

பெங்களூர்
4-2-2024

அன்பு ஆயா,

இருமல் போய்விட்டது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், ஒரு வேளை நேரம் தவறி. நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி.

சிவசங்கர் கெட்டவன் இல்லை, பயப்படாதே. ஞாயிறு தோறும் நாங்கள் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து ஒரு கதையை நடத்துகிறோம். அதுதான் விளையாட்டு. ஒவ்வொருவரும் கதைக்குள் ஒரு ஆள். என்னோடு வேலை செய்யும் வாணியம்பாடி சாகிப், கதையில் வைத்தியர். அவன் தங்கை ஃபிஜா பாட்டுக்காரி. சிவசங்கர் படைத்தலைவன். நான் நடத்துனர். காட்டில் என்ன இருக்கிறது, எதிரே யார் வருகிறார்கள் என்று சொல்வது நான். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் முப்பது புள்ளி. பலம், வேகம், பேச்சு, தைரியம் என்று பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். கூடுதல் புள்ளி வேண்டும் என்றால் ஒரு குறையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு குறைக்கு ஐந்து புள்ளி. சாகிப் தன் வைத்தியருக்கு நொண்டிக் கால் எடுத்தான். ஃபிஜா திக்குவாய் எடுத்தாள், பாடும்போது மட்டும் திக்காது.

சிவசங்கர் எடுத்த மூன்று குறையைக் கேள். ஒன்று, கடல் என்றால் பயம். இரண்டு, கப்பலில் ஏறினால் மயக்கம். மூன்று, மீன் ஒத்துக்கொள்ளாது. ஆயா, எங்கள் கதை நடப்பது மலையில்!

அப்படிக் கிடைத்த பதினைந்து புள்ளியையும் பலத்தில் போட்டுவிட்டான். சட்டத்தை அவன் மீறவில்லை, பிழிந்து எடுக்கிறான். இதற்கு பவர் கேமிங் என்று பெயர். கரடி வந்தால் ஒரே வெட்டு. யாருக்கும் காயமே படாததால் சாகிப் மூன்று வாரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஃபிஜா வருவதையே நிறுத்திவிட்டாள். கரடியைப் பெரிதாக்கலாம் என்றால், படைத்தலைவனுக்குச் சமமான கரடி சாகிப்பை முதல் அறையிலேயே கொன்றுவிடும். இதை எப்படிச் சமன் செய்வது என்றுதான் தலைவலி.

முத்தங்களுடன்
அபி

—

நெல்லிக்கொல்லை
15-2-2024

அபிநயாவுக்கு ஆயா எழுதுவது.

ஆடு ஒன்று குட்டி போட்டது. தாயும் குட்டியும் சுகம், நானும் சுகம், எந்தக் குறையும் இல்லை. நேரம் தவறிச் சாப்பிடுவது எந்த வேளை என்று எழுது.

நடத்துனர் என்று படித்ததும், படித்த பெண்ணுக்குப் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேலையா என்று பதறிப் போனேன். அப்புறம்தான் புரிந்தது. இனிமேல் உன்னைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவேன்.

கண்டக்டரம்மா, அந்தப் படைத்தலைவன் சரியான கள்ளன். மலையில் கடல் பயம் எடுத்தவனை நீ என்ன செய்திருக்க வேண்டும் தெரியுமா? கதையைக் கடலுக்கு ஓட்டியிருக்க வேண்டும். மூன்று நாள் கப்பலில் வைத்து மீன் குழம்பு ஊற்றியிருந்தால் அவன் பலமெல்லாம் தெரிந்திருக்கும். அதெல்லாம் முடியாது என்றால் ஒரு சட்டம் போடு. விளையாட்டில் வெளிப்படாத குறைக்குப் புள்ளி கிடையாது. ஒருவனுக்குக் குறை என்றால் அதில் அவன் தடுக்கி விழ வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் கொடுத்த புள்ளியைப் பிடுங்கு. எல்லாருக்கும் ஒரே சட்டம், முகம் பார்க்காதே.

எனக்கும் இந்த விளையாட்டில் ஒரு இடம் கிடைக்குமா? கடிதத்திலேயே ஆடுகிறேன். இங்கு சாயங்காலம் ஆனால் பேச ஆள் இல்லை. ஆனந்தியும் பொழுதோடு இறங்கிவிடுகிறாள்.

அடுத்த கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. பேனா மையில் கம்பெனிக்காரன் தண்ணீர் கலக்கிறான் போல. உன் எழுத்து வெளுத்துக் கிடக்கிறது.

அன்பு மாறாத
ஆயா

—

பெங்களூர்
3-3-2024

அன்பு ஆயா,

ஆட்டுக்குட்டிக்கு என் முத்தம். நேரம் தவறுவது காலை வேளை, திட்டாதே.

உன் சட்டத்தை மேஜையில் படித்தேன். சிவசங்கர் எகிறிக் குதித்தான்.

"யாரு உனக்கு இந்த ஐடியா குடுத்தது?"

"எங்க ஆயா."

"ஆயாவா? எத்தனை வருஷமா ஆடுறாங்க?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

சாகிப் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டான். மூன்று கடல் குறையும் ரத்து, பதினைந்து புள்ளி போயிற்று. அன்றைக்கே கதையில் படைத்தலைவனுக்குத் தோளில் வெட்டு விழுந்தது. சாகிப் வைத்தியர் முதல்முறையாக மூலிகை அரைத்தார். ஃபிஜாவும் திரும்பி வந்துவிட்டாள். இது எல்லாம் உன்னால்.

உனக்கு இடம் உண்டு. தாள் வைத்திருக்கிறேன், நிரப்பி அனுப்பு. இன்னொரு விதியும் இருக்கிறது: பின்னால் பத்துப் புள்ளி கொடுத்தால் ஒரு குறையை அடைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு அந்த ஆளுக்கு அந்தக் குறை இல்லை.

பெரிய எழுத்து எழுத மறந்தே போனேன். மன்னித்துக்கொள்.

அபி

—

நெல்லிக்கொல்லை
20-3-2024

அபிநயாவுக்கு ஆயா எழுதிக்கொண்டது.

புளி உலுக்கி முடிந்தது. உனக்கு ஒரு தூக்கு எடுத்து வைத்திருக்கிறேன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. காலையில் சாப்பிடாமல் போகாதே.

தாளை நிரப்பிவிட்டேன். ஆனாலும் இங்கேயும் எழுதுகிறேன், தாள் தொலைந்தாலும் தொலையும்.

பேர், மலைக்காரி. வயது, கேட்கக் கூடாது. பலம் ஐந்து. பேச்சு பத்து. தைரியம் ஐந்து. வேகம் ஒன்றுமில்லை. வழி என்று ஒரு கட்டம் உன் தாளில் இல்லை, நானே கோடு போட்டுச் சேர்த்தேன். மலையில் நடப்பவளுக்கு வழி தெரியாமல் எப்படி? வழி இருபத்தைந்து.

மொத்தம் நாற்பத்தைந்து. முப்பதுக்கு மேல் பதினைந்து எப்படி என்று கேட்பாய். மூன்று குறை எடுத்திருக்கிறேன்.

முதல் குறை, இடது கண் தெரியாது.

இரண்டாவது, வலது கண்ணில் நேரே இருப்பது மட்டும் தெரியும். பக்கத்திலிருந்து வருவது கிட்டே வந்தபின்தான் தெரியும்.

மூன்றாவது, அதை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

என் தந்திரத்தைப் பார்த்தாயா? உங்கள் கதை மூடுபனிக் காட்டில் நடக்கிறது. மூடுபனியில் யாருக்குத்தான் கண் தெரியும்? சும்மா வந்த புள்ளி. படைத்தலைவனுக்கு மட்டும்தான் பிழியத் தெரியுமா என்று அவனிடம் கேள்.

கதைக்குள் யாராவது அவளைப் பார்த்து, உன் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டாள். அதையும் தாளில் எழுதியிருக்கிறேன், கவனி.

இப்போதெல்லாம் சாயங்காலம் விளக்கு போட்டால் அதைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரிகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆயா

—

பெங்களூர்
2-5-2024

அன்பு ஆயா,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆபீசில் ஒரே வேலை, சனி ஞாயிறும் சேர்த்து. கோபமா? உடம்பு எப்படி இருக்கிறது?

உன் தாளைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். "டேய், உங்க ஆயா என்னைவிடப் பெரிய கேடி" என்று சிவசங்கர் எழுந்து நின்று கும்பிட்டான். சட்டம் போட்டவளே சட்டத்தில் ஓட்டை போடுகிறாள் என்று சாகிப்பும் சிரித்தான். வழி என்ற கட்டத்தை எல்லோருக்கும் சேர்த்துவிட்டோம். மூன்றாவது குறைதான் யாருக்கும் புரியவில்லை. சொல்லாமல் இருப்பது எப்படிக் குறையாகும்? அது குணம் அல்லவா? சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது உன் முறை. வைத்தியருக்கு ஒரு வேர் வேண்டும், அது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு பாறை விளிம்பு, ஒரு ஆள் நடக்கும் அகலம். ஒரே மூடுபனி. முன்னால் போவது மலைக்காரி, பின்னால் மூவரும். பாதி தூரத்தில் இடது பக்கம், எட்டடி மேலே ஒரு சிறுத்தை படுத்திருக்கிறது. இடது பக்கம், கவனி! உன் குறைக்காகவே வைத்தேன். மலைக்காரி என்ன செய்கிறாள்?

அபி

—

நெல்லிக்கொல்லை
14-5-2024

அபிநயாவுக்கு ஆயா.

இங்கு நல்ல சுகம். பக்கத்து வீட்டு பஞ்சாட்சரம் பெண்டாட்டி என் வீட்டுச் சாமைச் சோற்றில் கல் கடித்தது என்று சொல்லித் திரிகிறாள். மில்லுக்காரன் சரியாகச் சலிக்கவில்லை, நான் என்ன செய்வேன்? வேறு குறை இல்லை.

மலைக்காரி என்ன செய்கிறாள் என்று எழுதுகிறேன். நிதானமாகப் படித்துக் காட்டு.

விளிம்பில் கால் வைக்கும் முன் அவள் தடியால் மூன்று தட்டு தட்டுகிறாள். கெட்டிப் பாறை ஒரு சத்தம், மண் மூடிய பாறை வேறு சத்தம். செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். கண்ணைவிடக் கால் நன்றாகப் பார்க்கும். பின்னால் வருகிறவர்களை ஒருவர் துணியை ஒருவர் பிடிக்கச் சொல்கிறாள். படைத்தலைவன் வாயை மூடிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்து வரட்டும்.

சிறுத்தை படுத்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வலது பக்கம் சில்வண்டு கத்துகிறது, இடது பக்கம் கத்தவில்லை. நிற்கிறாள். இடமிருந்து வரும் காற்றில் ஈர முடி வாடை. அவ்வளவு போதும். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே, எண்ணி எண்ணி நாற்பது அடி வைக்கிறாள். மனிதன் பயப்படாமல் பேசிக்கொண்டு போனால் அது பாட்டுக்குப் படுத்திருக்கும். அந்தப் பக்கம் போய், வேரை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்துப் பிடுங்கி வைத்தியர் கையில் கொடுக்கிறாள்.

ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. பகடையைப் போட்டுப் பார். பலிக்காமல் போகாது.

மலைக்காரியிடம் கண்ணைப் பற்றி யாராவது ஏதாவது கேட்டார்களா?

ஆயா

—

பெங்களூர்
9-6-2024

அன்பு ஆயா,

நலம்தானே? இங்கு மழை ஆரம்பித்துவிட்டது.

உன் கடிதத்தை மேஜையில் நிதானமாகப் படித்துக் காட்டினேன். இருபது முகப் பகடையில் பதினெட்டு விழுந்தது. எல்லோரும் தப்பித்தார்கள். ஃபிஜா எழுந்து ஆடினாள்.

ஆடி முடித்த பிறகு சிவசங்கர் உன் சட்டத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். "ஆயா எங்க தடுக்கி விழுந்தாங்க? சிறுத்தையை இடது பக்கம் வச்சும் கண்டுபிடிச்சிட்டாங்க. கண்ணு தெரியாதவங்க யாராவது அப்படிப் போவாங்களா? குறை வெளிப்படல. நான் கடலை விட்டுக் குடுத்தேன் இல்ல? எல்லாருக்கும் ஒரே சட்டம்னு எழுதினதும் அவங்கதான்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை, ஆயா. நீ மலைக்காரியை ஒரு இடத்தில்கூடத் தடுமாற விடவில்லை. ஒரே ஒரு கல்லில் இடித்துக்கொண்டிருந்தால்கூட நான் வாதாடியிருப்பேன். என் ஆயா என்பதற்காக விட்டால் விளையாட்டின் சமன் போய்விடும்.

அதனால் மூன்று குறையையும் சிவப்பு மையில் அடித்துவிட்டேன். பதினைந்து புள்ளி கழிந்தது, வழி இனி பத்து. மலைக்காரிக்கு இப்போது ஒரு குறையும் இல்லை! கோபித்துக்கொள்ளாமல் அடுத்த ஆட்டத்துக்கு எழுது.

அபி

—

நெல்லிக்கொல்லை
30-6-2024

அபிநயாவுக்கு.

கண்டக்டர் இறங்கச் சொன்னால் இறங்க வேண்டியதுதான். சட்டம் நான் போட்டது. நீ செய்தது சரி.

மலைக்காரி கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும். மற்றவர்கள் போய் வாருங்கள்.

மழைக்காலம், வெளிச்சம் போதவில்லை. அதனால் வரி கோணலாக இருக்கும். உன் கடிதத்தை ஆனந்திதான் படித்தாள். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன்.

குறை ஒன்றும் இல்லை.

ஆயா

—

பெங்களூர்
15-12-2024

அன்பு ஆயா,

இந்தக் கடிதத்தை அம்மா உனக்குப் படித்துக் காட்டுவாள். போனைக் காதில் வைத்தால் நீ பேசுவதில்லையாம். அதனால் எழுதுகிறேன். அம்மா, நடுவில் எதையும் விடாமல் படி.

ஜூன் மாதக் கடிதத்துக்கு நான் பதிலே எழுதவில்லை. நீ கோபத்தில் இருக்கிறாய், தானாகத் தணியும் என்று நினைத்தேன். அக்டோபரில் அப்பா போன் செய்தபோதுதான் தெரிந்தது. ஜமுனாமரத்தூர் சந்தையில் இடது பக்கமிருந்து வந்த பைக் உனக்குத் தெரியவில்லை. ஊரே பார்க்க நீ விழுந்திருக்கிறாய். இடுப்புக்குப் பெரிய அடி இல்லை. ஆனால் வேலூரில் கண் டாக்டரிடம் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போச்சு. போன பார்வை வராது. மார்ச், ஏப்ரல்ல கொண்டு வந்திருந்தா வலது கண்ணையாவது நிறுத்தியிருக்கலாம். பாட்டி எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார்.

அப்பா, "ஒண்ணுமே சொல்லல சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து அப்பா உன்னைச் செங்கத்துக்கே கூட்டி வந்துவிட்டார். இரண்டு நாள் உன் கட்டிலோரம் இருந்தேன். நீ சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாய், இருமலைப் பற்றி விசாரித்தாய். நானும் பதில் சொன்னேன்.

திரும்பி வந்ததும் உன் கடிதங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். மார்ச்சில் வரி நேராக இருக்கிறது. மே மாதம் வலது பக்கம் இறங்குகிறது. ஜூனில் இரண்டு வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று நீ எழுதியிருந்தாய். மேஜையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவரும் கேட்கவில்லை.

உன் தாள் என்னிடம்தான் இருக்கிறது. சிவப்பு மையை அழிக்கப் பார்த்தேன். அழியவில்லை, காகிதம் கிழிகிறது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை நிறுத்திவிட்டேன்.

அபி

—

செங்கம்
12-1-2025

அபிக்கு அம்மா சசிகலா எழுதுவது. அத்தை சொல்லச் சொல்ல, சொல்கிறபடியே எழுதுகிறேன். என் வார்த்தையாக ஒன்றும் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கண்ணு அபிநயா, சாப்பிட்டியா? காலையில சாப்புடுறியா இல்லையா, உண்மையைச் சொல்லு.

வெளையாட்டை இன்னாத்துக்கு நிறுத்துன? அந்தப் புள்ளைங்க இன்னா பாவம் பண்ணுச்சிங்க? சிவசங்கர் கேட்டது நாயம்தான். நான் எழுதுனதை அவன் படிச்சான். மலைக்காரியை ஒரு கல்லுல இடிக்க வுட எனக்கு மனசு வரல. காயிதத்துலகூட வரல. அது என் புத்தி. நீ அழாத.

இப்போ நான் கேக்குறதுக்குச் சட்டப்படி பதில் சொல்லு, கண்டக்டரம்மா. குறை வெளிப்படணும், நாலு பேர் பாக்கணும். அவ்ளோதான சட்டம்? வெளிப்பட்டுடுச்சி. சந்தையே பாத்துது. அப்போ என் பதினஞ்சு புள்ளி திரும்பி வருமா வராதா? வரும். எழுதிக்கோ.

பத்துப் புள்ளி குடுத்தா ஒரு குறையை அடைச்சிக்கலாம்னு எழுதியிருந்த. ரெண்டு கண்ணும் கெடக்கட்டும், அதை யாராலயும் அடைக்க முடியாது. பத்தைக் குடுத்து மூணாவதை அடைச்சிக்கிறேன். மீதி அஞ்சை அந்த வைத்தியருப் புள்ளைக்குக் குடுத்துடு. எழுதிட்டியா சசிகலா? எழுதிட்டேன்னு சொல்றா.

இப்ப மலைக்காரிக்கு மூணாவது குறை இல்ல. அதனால சொல்றேன்.

எனக்குக் குறை இருக்குது, அபிநயா. எனக்கு என் வூட்டுக்குப் போவணும்.

இங்க உங்க அம்மா நல்லாத்தான் பாத்துக்குறா. கையைப் புடிச்சிக் கொல்லைக்கு இட்டுக்கினு போறா, சோத்தைப் பெசைஞ்சிக் குடுக்குறா. "அத்தை, இதெல்லாம் எழுதணுமா?"ன்னு கேக்குறா. எழுதுடி. ஆனா இந்த வூட்டுத் தரை எல்லாப் பக்கமும் ஒரே வழவழப்பு. கால் வச்சா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. சுவரைத் தேடிக்கினு நிக்குறேன். அங்க வாசல்லருந்து கெணத்துக்குப் பதினேழு அடி. ஒம்போதாவது அடியில மொட்டைக் கல்லு. அடுப்புக்கு எடது கைப்பக்கம் உப்பு, அதுக்குப் பின்னால புளி. ஆடு கத்துனா எந்தச் செடியைக் கடிக்குதுன்னு சொல்லிடுவேன். ஒரு வருசமா அப்படித்தான இருந்தேன்? உங்க யாருக்காச்சும் தெரிஞ்சிதா?

சிவசங்கருக்கு மலையில கடல் பயம் எப்படியோ, என் வூட்டுல எனக்குக் கண்ணு அப்படி. அங்க அது ஒரு குறையே இல்ல. உங்க அப்பன் என்னைக் கொண்டாந்து கடல்ல வுட்டுட்டான்.

அவன்கிட்ட நான் சொன்னா, வயசாயிடுச்சி, பேசாம இருன்னுவான். நீ படிச்சவ. கணக்கா எடுத்துச் சொல்லு. அவனுக்கும் ஒரே சட்டம்தான்னு சொல்லு. அடுத்த புளி உலுக்குறதுக்குள்ள என்னை மேல கொண்டு போய் வுடச் சொல்லு.

இன்னும் எழுத எடம் இருக்குதா? இல்லையாம்.

உன் ஆயா

அபி, இனி வருவது நானாக எழுதுவது. அத்தை சொன்னது இல்லை. படித்துக் காட்டும்போதும் இதை விட்டுவிட்டுத்தான் படிப்பேன்.

இடம் நிறைய இருந்தது. என்னால்தான் மேலே கேட்க முடியவில்லை.

மலை வீட்டை உன் அப்பா போன மாதமே பிரித்துவிட்டார். ஆள் இல்லாத வீடு மழைக்கு விழுந்துவிடும், அதற்குள் ஓடுகளையாவது காப்பாற்றலாம் என்றார். ஆட்டை பஞ்சாட்சரத்திடம் விட்டாயிற்று. ஓடு முழுவதும் இங்கே கொல்லையில் அடுக்கியிருக்கிறது. அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று காலை கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அத்தையின் கை அந்த ஓட்டின்மேல் பட்டது. நின்றுவிட்டார். ஒவ்வொன்றாகத் தடவினார்.

"எந்த ஊரு ஓடு சசிகலா?"

"திருவண்ணாமலை ஓடு அத்தை. மாட்டுக் கொட்டாய்க்கு வாங்கினது."

"நல்லா சுட்டிருக்கான்" என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும், காகிதமும் பேனாவும் எடுக்கச் சொன்னார்.